நல்ல தண்ணீரும் கொண்டைக்கடலையும்

புரட்டாசி பிறந்து நவராத்திரிக்கு நாள் எண்ணிக்கொண்டிருந்த ஒரு சாயங்காலம், சென்னையில் குடித்தனம் வைத்திருக்கும் என் தங்கை மகள் தொலைபேசியில் அழைத்து, க்ஷேமம் விசாரிப்பதற்கு முன்பாகவே, “மாமா, கொண்டைக்கடலை வேகவே மாட்டேங்குது, குக்கர்ல ஏழு விசில் விட்டுட்டேன், இன்னும் கல்லு மாதிரி கெடக்கு” என்று அழாத குறையாகச் சொன்னாள். முதன்முதலாகக் கொலு வைத்திருக்கிறாள்; அக்கம்பக்கத்துப் பெண்களை வெற்றிலை பாக்கு வாங்கிக்கொள்ள அழைத்திருக்கிறாள்; வந்தவர்கள் கையில் சுண்டலைக் கொடுத்தால் கடித்துத் தின்னும்படி இருக்கவேண்டுமே என்ற கவலை அவளுக்கு. எத்தனை மணி நேரம் ஊற வைத்தாய் என்று கேட்டேன். ராத்திரி முழுதும் என்றாள். கடையில் எப்போது வாங்கினாய் என்று கேட்டேன். போன வாரம் என்றாள். எந்தத் தண்ணீரில் ஊற வைத்தாய் என்று கேட்டபோது மாத்திரம் அவளிடமிருந்து பதில் வரவில்லை. சற்றுப் பொறுத்து, “தண்ணியில என்ன மாமா இருக்கு?” என்றாள்.

அந்தக் கேள்விக்குத் தொலைபேசியில் இரண்டு வார்த்தையில் சமாதானம் சொல்லிவிட்டேனாயினும், சிவகாசியில் பிறந்து வளர்ந்தவனுக்கு அது இரண்டு வார்த்தையில் முடிகிற விஷயமாகப் படவில்லை. ஆகவே அவளுக்காகவும், அவளைப் போல அடுப்பண்டை நின்று விசில் எண்ணிக்கொண்டிருக்கும் மற்றவர்களுக்காகவும், சாவகாசமாக இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

எங்கள் ஊரில் தண்ணீர் என்பது ஒரே பதார்த்தம் அல்ல. ‘நல்ல தண்ணீர்’ என்று ஒன்றும், ‘உப்புத் தண்ணீர்’ என்று ஒன்றும், பிறந்த குழந்தைக்குக் கூடப் பேதம் தெரிகிற மாதிரி இரண்டு ஜாதியாக அது வீட்டுக்குள் வருகிறது. உப்புத் தண்ணீர் ஆழ்துளைக் கிணற்றிலிருந்து வருவது. குளிக்க, துணி துவைக்க, பாத்திரம் விளக்க அதுதான். அதில் சோப்பு எளிதில் நுரைக்காது, அது காய்ந்த குழாய் வாயில் வெள்ளை வெள்ளையாகப் பொறுக்கு கட்டியிருக்கும். நல்ல தண்ணீர் வேறு. வைப்பாற்றின் குறுக்கே உள்ள வெம்பக்கோட்டை அணையிலிருந்தும், தாமிரபரணியிலிருந்தும் குழாய் வழியாக வெகுதூரம் பிரயாணம் செய்து, முறை வைத்துத் தெருவுக்கு வருவது. அது வருகிற நாளில் ஜனங்கள் விடியலுக்கு முன்பே எழுந்து குடங்களை வரிசை வைப்பார்கள். கல்யாணத்துக்குப் போகவேண்டியவர்கள் கூட முகூர்த்த நேரத்தைத் தண்ணீர் வருகிற நேரத்தோடு பொருத்திப் பார்த்துக்கொள்வார்கள். ஆண்டுக்குச் சுமார் 800 மில்லிமீட்டர் மழை பெய்தால் அதிகம் என்னும் பூமி இது. அதிலும் பெரும்பங்கு ஐப்பசி கார்த்திகையில் கொட்டித் தீர்த்துவிடும்.

இந்த வறட்சிதான் எங்கள் ஊருக்குச் சோறு போட்டது என்பதையும் சொல்லவேண்டும். 1922-ஆம் ஆண்டில் அய்ய நாடார், சண்முக நாடார் என்ற இரு இளைஞர்கள் கல்கத்தாவுக்குச் சென்று தீப்பெட்டித் தொழிலைப் பழகி, மறு ஆண்டு ஊர் திரும்பி அதை இங்கே ஆரம்பித்தபோது, குச்சியும் மருந்தும் காய்வதற்கு வேண்டிய வெயிலை ஆகாயம் தாராளமாகவே வைத்திருந்தது. தீப்பெட்டிக்குப் பின்னால் அதன் மேல் ஒட்டும் லேபிளை அச்சிடும் அச்சகங்களும், பட்டாசும், காலண்டரும் வரிசையாக வந்தன. மத்தாப்பூ காய்வதற்கு உகந்த அதே பூமியில்தான் கடலை வேகாது. இரண்டுக்கும் ஒரே காரணம் என்பதை நான் புரிந்துகொள்ளப் பல வருஷங்கள் பிடித்தன.

என் தாயார் தீப்பெட்டி ஒட்டியவர். கம்பெனியிலிருந்து கட்டுக் கட்டாக வரும் அட்டைகளை வீட்டுத் திண்ணையில் பரப்பி, மைதாப் பசை காய்ச்சி, அடிப்பெட்டி தனியாகவும் மேல்பெட்டி தனியாகவும் ஒட்டி, 144 பெட்டிக்கு ஒரு குரோஸ் என்று கணக்குப் பார்த்துக் கொடுப்பது அவருடைய ஜீவனம். விரல் நுனிகள் எந்நேரமும் பசை பிடித்து வெளுத்திருக்கும். அந்தக் கையைக் கழுவ உப்புத் தண்ணீர். ஆனால் சரஸ்வதி பூஜைக்கு முதல் நாள் இரவு கடலை ஊறப்போடும்போது மாத்திரம், குடிப்பதற்கென்று மூடி வைத்திருக்கும் எவர்சில்வர் குடத்தைச் சாய்த்து, நல்ல தண்ணீரைத்தான் ஊற்றுவார். நாங்கள் குடிப்பதற்கே அளந்து கொடுக்கிற தண்ணீரைக் கடலைக்கு இவ்வளவு தாராளமாக ஊற்றுகிறாரே என்று சிறுவயதில் எனக்கு உள்ளூர வருத்தம் உண்டு. ஒருதரம் என் அக்காள், அவசரத்தில், வாளியில் இருந்த உப்புத் தண்ணீரை ஊற்றிவிட்டாள். அம்மா விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, “ஏட்டி, கடலைக்குப் போயி உப்புத் தண்ணிய ஊத்தியிருக்கயே, நாளைக்குச் சாமிக்குக் கல்லையா படைக்க?” என்று அந்தத் தண்ணீரை வடித்துச் செடிக்கு ஊற்றிவிட்டு மறுபடி ஊறப்போட்டார். அவருக்கு இரசாயனம் தெரியாது. இது எப்படித் தெரிந்தது என்று நான் கேட்டதும் இல்லை.

கேளாமல் இருந்ததற்கு உரிய பலனை நான் பிற்பாடு அனுபவித்தேன். அச்சகம் ஒன்றில் கணக்கெழுதும் உத்தியோகத்தில் நான் இருந்த காலம். சிவகாசியில் ஆயுத பூஜை என்றால் சாமானியமான பண்டிகை அல்ல. ஆடிப்பெருக்கன்று காலண்டர் ஆல்பங்களை வெளியிட்டது முதல் இரவு பகலாக ஓடிக்கொண்டிருக்கும் மெஷின்களெல்லாம் அன்றைக்குத்தான் மூச்சு விடும். மை படிந்த உருளைகளைத் துடைத்து, மெஷினுக்குச் சந்தனமும் குங்குமமும் இட்டு, வாசலில் வாழைக் கன்று கட்டி, பொரி, அவல், சுண்டல் படைத்து, வேலை செய்கிற ஒவ்வொருவர் கையிலும் ஒரு பொட்டலம் கொடுத்தனுப்புவது சம்பிரதாயம். அந்த வருஷம் சுண்டல் செய்விக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. பத்துக் கிலோ கடலையைப் பெரிய அண்டாவில் போட்டு, அச்சகத்துக் கிணற்றுத் தண்ணீரை விட்டு ஊற வைத்து, விடியற்காலம் நான்கு மணிக்கு விறகடுப்பில் ஏற்றினோம். ஆறு மணிக்குப் பார்த்தேன், வேகவில்லை. ஏழு மணிக்குப் பார்த்தேன். தோல் சுருங்கியிருந்ததே தவிர உள்ளே இளகவில்லை. பூஜை நேரம் நெருங்கிவிட்டபடியால் அப்படியே தாளித்துப் படைத்துவிட்டோம். பைண்டிங்கில் வெகுகாலம் வேலை பார்த்து ஓய்வு பெறும் தருணத்தில் இருந்த ஒரு பெரியவர், பல் போனவர், அந்தப் பொட்டலத்தைப் பிரித்து ஒரு கடலையை வாயில் போட்டு, நெடுநேரம் வைத்திருந்து, பிறகு யாரும் பார்க்காதபடி கையில் எடுத்து மடியில் முடிந்துகொண்டார். பிரசாதத்தைத் துப்பக்கூடாது என்று அவர் நினைத்திருக்கவேண்டும். அந்தக் காட்சி இத்தனை வருஷம் கழித்தும் என் மனத்தைவிட்டு அகலவில்லை. இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியதில் என் தங்கை மகளுக்கு உள்ள பங்கு அந்தப் பெரியவருக்கும் உண்டு.

காரணம் இன்னதென்று பின்னால் தேடிப் படித்துத் தெரிந்துகொண்டேன். கடலையின் தோலிலும், உள்ளே உயிரணுவுக்கும் உயிரணுவுக்கும் இடையிலும், பெக்டின் என்கிற ஒருவிதப் பசை செங்கல்லுக்கு நடுவே சாந்து மாதிரி இருந்து அவற்றைப் பிணைத்து வைத்திருக்கிறது. நெருப்பில் அந்தப் பசை கரைந்தால்தான் கடலை குழையும். உப்புத் தண்ணீர் என்று நாம் சொல்லும் கடின நீரில் கால்சியமும் மக்னீசியமும் மிகுதி. அவை இந்தப் பசையோடு போய்ச் சேர்ந்து அதை இறுக்கிவிடுகின்றன. இறுகிய பசை எத்தனை நாழிகை கொதித்தாலும் கரைவதற்கு இணங்குவதில்லை. அம்மா நாக்கில் வைத்துப் பார்த்தது இதைத்தான்.

இதில் ஒரு விசித்திரம் என்னவென்றால், உப்புத் தண்ணீர் கடலைக்குச் சத்துரு என்றாலும், நாம் சமையலுக்குப் போடுகிற உப்பு அதற்கு மித்திரன். ஊறுகிற தண்ணீரில் ஒரு லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி உப்புப் போட்டுவைத்தால், அதிலுள்ள சோடியம் தோலில் இருக்கும் கால்சியத்தின் இடத்தைப் பிடித்துக்கொண்டு தோலை இளக்கிவிடுகிறது. வெந்த பிறகுதான் உப்புப் போடவேண்டும், முன்னால் போட்டால் வேகாது என்று என் தாயார் சொல்லிக்கொடுத்தார்; அந்த ஒரு விஷயத்தில் அவர் சொன்னதற்கு மாறாகவே நான் இப்பொழுது செய்கிறேன், பலனும் காண்கிறேன். ஆப்ப சோடா போட்டால் சீக்கிரம் வேகும் என்பது வாஸ்தவந்தான். ஆனால் அளவு மீறினால் சோப்பு வாடை வருவதோடு, பருப்பு வகைகளில் இயற்கையாக உள்ள தயமின் என்ற பி வைட்டமினையும் அது அழித்துவிடுகிறது. சுண்டலுக்கு அது வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். நல்ல தண்ணீர் கிடைக்காத வீடுகளில், உப்புத் தண்ணீரைத் தளதளவென்று கொதிக்கவிட்டு, ஆறவைத்து, அடியில் வெள்ளையாகப் படிகிறதை விட்டுவிட்டு மேல்நீரை மாத்திரம் இறுத்துக்கொண்டால் ஓரளவு கடினம் தணியும், முழுதும் தணியாது. சென்னையில் இருக்கிறவர்களுக்குச் சுத்திகரிக்கும் இயந்திரத்துத் தண்ணீர் உண்டு. குடிப்பதற்கு மாத்திரம் அதைப் பிடித்துக்கொண்டு சமையலுக்குக் கிணற்றுத் தண்ணீரை விடுகிறார்கள். இருநூறு கிராம் கடலைக்கு ஊறவும் வேகவுமாகச் சேர்த்து ஒன்றரை லிட்டர் செலவழித்தால் போதும்.

தண்ணீரைச் சொல்லிவிட்டு மணியைச் சொல்லாமல் விடுவது நியாயம் ஆகாது. கொண்டைக்கடலை மழையில் விளைகிற பயிர் அல்ல, மழை ஓய்ந்த பின் விளைகிற பயிர். கரிசல் மண்ணில் ஐப்பசி கார்த்திகை ஈரத்தில் விதைத்துவிட்டால், அந்த மண் உள்ளே ஒளித்துவைத்திருக்கும் ஈரத்தையும், மார்கழிப் பனியையும் கொண்டு, ஏறக்குறைய நூறு நாளில் அது காய்த்து முடித்துவிடும். அதன் இலையில் புளிப்பான ஒரு சுரப்பு உண்டு. இரவில் செடிமேல் துணியை விரித்து, விடியலில் பனியில் ஊறின அந்தத் துணியைப் பிழிந்து, வருகிற புளித்த நீரை நாட்டு வைத்தியத்தில் பயன்படுத்துவார்கள். ஆக, தை மாசியில் அறுவடை. விருதுநகர் மண்டிகளுக்கு வரும் சரக்கில் பெரும்பகுதி மத்தியப் பிரதேசம், மகாராஷ்டிரம், ராஜஸ்தான் பக்கங்களிலிருந்து வந்தாலும், அங்கேயும் அறுப்பு மாசி பங்குனியைத் தாண்டாது. அப்படியானால் புரட்டாசியில் நாம் வாங்குகிற கடலை, புதுச் சரக்கு என்று கடைக்காரர் எவ்வளவு வாஞ்சையோடு சொன்னாலும், ஆறு மாதமாவது மூட்டையில் கிடந்ததாகவே இருக்கும். வெக்கையிலும் புழுக்கத்திலும் நாள்பட்ட கடலை, நல்ல தண்ணீரிலும் தாமதமாகத்தான் வேகும். பங்குனியில் எட்டு மணி நேரம் போதுமென்றால் நவராத்திரியில் பன்னிரண்டு மணி நேரம் ஊறட்டும். வெள்ளைக் கடலைக்கு இவ்வளவு பிரயாசை இல்லை. காபூலி என்று பெயர் வாங்கிய அதற்குத் தோல் மெல்லிசு. ஆனால் சுண்டலுக்கு நம் கறுப்புக் கடலையின் ருசி அதற்கு வராது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இனிப் பாகம். கறுப்புக் கொண்டைக்கடலை இருநூறு கிராம்; சொத்தை, கல், சுருங்கல் பொறுக்கி, இரண்டு மூன்று தரம் அலசி, நல்ல தண்ணீரில் உப்புப் போட்டு ஊற வையுங்கள். காலையில் பார்த்தால் இரட்டிப்பு எடையாகப் பருத்திருக்கும். அந்தத் தண்ணீரை வடித்து, அலசி, புதிதாக நல்ல தண்ணீரைக் கடலைக்கு மேல் இரண்டு விரற்கடை நிற்கும்படி விட்டு, கால் தேக்கரண்டி மஞ்சள் தூளோடு குக்கரில் வைத்து, ஐந்து விசில் வந்ததும் தணலைக் குறைத்துப் பத்து நிமிஷம் விட்டுவிடுங்கள். ஆவி தானாக அடங்கவேண்டும், அவசரப்பட்டுத் திறக்கக்கூடாது. ஒரு கடலையை எடுத்துக் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டிவிரலுக்கும் நடுவில் வைத்து அழுத்தினால், தோல் உரியாமல், உள்ளே மாத்திரம் வெண்ணெயாக நசுங்கவேண்டும். அதுதான் பதம்.

அது வேகிற நேரத்தில் பொடியை வறுத்துக்கொள்ளலாம். எங்கள் பக்கத்துச் சம்பா வத்தல் நான்கு, மல்லி இரண்டு தேக்கரண்டி, கடலைப் பருப்பு ஒன்று, சீரகம் அரை. ஒரு சொட்டு நல்லெண்ணெயில் தனித்தனியாக வறுத்து, வாசனை கூடத்துக்கு வரும்போது இறக்கி, ஆறினபின் கொரகொரப்பாகப் பொடிக்கவேண்டும். மல்லியை வத்தலோடு சேர்த்துப் போட்டால் ஒன்று கருகும், மற்றொன்று பச்சையாக நிற்கும். ஆகையால் இந்த ‘தனித்தனியாக’ என்ற வார்த்தையைத் தயவுசெய்து அலட்சியம் செய்யவேண்டாம். விருதுநகரைப் பற்றி ஊருக்கு ஊர் பெருமையாகப் பேசுவது வத்தலும் மல்லியும் பருப்பும் எண்ணெயும் கைமாறுகிற அதன் வியாபாரத்தைத்தான். அந்தப் பெருமை முழுவதையும் ஒரு கரண்டிப் பொடியில் முகர்ந்துவிடலாம்.

பிறகு வாணலியில் இரண்டு கரண்டி நல்லெண்ணெய், கடுகு வெடித்து, உளுத்தம்பருப்பு பொன்னிறமானதும், பொடியாக அரிந்த இஞ்சி, கறிவேப்பிலை, பெருங்காயம், வடித்த கடலை, உப்பு ருசி பார்த்துக்கொண்டு பொடி, ஈரம் வற்றும்வரை இளந்தீயில் பிரட்டி, இறக்கும் தறுவாயில் ஒரு கைப்பிடி தேங்காய்த் துருவல். எலுமிச்சம்பழம் பிழிவதானால் அடுப்பை அணைத்த பிறகு. பூஜைக்கு என்றால் வெங்காயம் கூடாது. மற்ற நாளில் சின்ன வெங்காயம் அரிந்து போட்டால் அது வேறு ஒரு சுகம். மீந்துவிட்டால் மறுநாள் கத்தரிக்காயோடு சேர்த்துக் குழம்பு வைக்கலாம். வேகாத கடலையில் மாத்திரம் புளியை விட்டுவிடாதீர்கள். புளிப்புப் பட்டால் அதற்கு மேல் அது வேகாது.

இவ்வளவு சாதாரணமான ஒரு தானியத்துக்கு எங்கும் மரியாதை உண்டு. மலைக்கு அந்தப் பக்கம் மலையாளத்தில் புட்டுக்கு அதுதான் துணை; கொழும்பில் காலிமுகத்திடல் கடற்காற்றில் வண்டிக்காரர் தேங்காய்ச் சொட்டும் வத்தலும் போட்டுப் பிரட்டித் தருவதும் இந்தக் கடலைதான். நவக்கிரகங்களில் குருவுக்கு உரிய தானியம் என்பதால், வியாழக்கிழமைகளில் தட்சிணாமூர்த்தி சந்நிதியில் 108 கடலையை நூலில் கோத்து மாலையாகச் சாத்துவதைச் சிவாலயங்களில் பார்த்திருப்பீர்கள். தென்காசிக்குக் கொண்டுபோன லிங்கம் வழியில் நிலைத்துவிட்ட தலம் என்று ஐதிகம் பேசும் எங்கள் காசி விசுவநாதர் ஊரிலும் வியாழன்தோறும் பெண்கள் இதற்காக முதல் நாள் இரவே கடலையை ஊறப்போடுவார்கள். ஊறாத கடலையில் ஊசி இறங்காது.

கோயிலில் மாத்திரம் அல்ல, பள்ளிக்கூடத்திலும் இந்தக் கடலைக்கு இடம் உண்டு. விருதுநகரில் பிறந்த காமராஜர் 1956-இல் பள்ளிக்கூடங்களில் மதிய உணவைக் கொண்டுவந்தார். 1982-இல் அது எம்.ஜி.ஆர். காலத்தில் சத்துணவாக விரிந்தது. இன்றைக்கு அந்தச் சத்துணவில் வாரத்தில் ஒருநாள் குழந்தை ஒன்றுக்கு 20 கிராம் கொண்டைக்கடலையோ பாசிப்பயறோ கொடுக்கவேண்டும் என்பது ஏற்பாடு. 20 கிராம் என்பது ஒரு சிறு கைக்குள் அடங்கிவிடும். நூறு குழந்தைகள் உள்ள பள்ளிக்கு இரண்டு கிலோ. அதை ஊறப்போடுகிற அம்மாள் எந்தக் குழாயில் தண்ணீர் பிடிக்கிறார் என்று, வறண்ட பக்கத்துப் பள்ளிகளைக் கடந்து போகும்போதெல்லாம் எனக்கு ஒரு விசாரம் வருகிறது. மாவு அரிசி பருப்புக்குக் கணக்கு வைக்கிறவர்கள் அந்தச் சமையலறைக்கு நான்கு குடம் நல்ல தண்ணீருக்கும் கணக்கு வைத்தால், பால் பல் விழுந்த குழந்தைகள் கடலையை ஒதுக்கிவைக்கமாட்டார்கள்.

இரண்டு நாள் கழித்துத் தங்கை மகள் மறுபடி அழைத்தாள். இந்தத் தடவையும் க்ஷேமம் விசாரிக்கவில்லை. “மாமா, நசுங்குது” என்றாள். அவ்வளவுதான், எனக்கு அதுவே போதுமாக இருந்தது. பிறகு, “வெந்த தண்ணி ஒரு சொம்பு மீந்திருக்கு, கீழ ஊத்திரவா?” என்று கேட்டாள். ஊற்றாதே அம்மா, என்றேன், எலுமிச்சங்காய் அளவு புளியைக் கரைத்து, ஒரு தக்காளியைப் பிசைந்து போட்டு, மிளகும் சீரகமும் பூண்டும் தட்டிச் சேர்த்து, அந்தக் கடலைத் தண்ணீரை விட்டு, நுரை கட்டி வரும்போது இறக்கிவிடு, கொதிக்கவிடாதே, தாளிக்க நெய் ஒரு துளி. உங்கள் ஆச்சி அந்தத் தண்ணீரில் ஒரு சொட்டைக்கூடக் கீழே விட்டதில்லை.